மதாம் எதையும் மறக்கவில்லை

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஐப்பசி மழை பிடிக்கப் போகிற நேரம். காரைக்கால் டவுனில், மாதா கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வீட்டின் முன்னறையில்தான் இது தொடங்கியது. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். வாசல் கதவுக்குக்கூட வேறு பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் ஸ்கூட்டியைச் சுற்றுவழியில் திருப்பிவிடுவேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கோட்டுச்சேரியிலிருந்து தினமும் டவுனுக்கு வந்து ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வருகிறவர்களுக்கு ஒரு தயக்கம் வரும். "சார் இல்லீங்களா?" என்பார்கள். "நான்தாங்க சார். சொல்லுங்க" என்பேன். அதில் ஒரு திமிர் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஏதாவது ஒரு வேலை சொதப்பினால் போதும், "அதான் பொம்பளகிட்ட கொடுக்கக் கூடாதுங்கிறது" என்று யாராவது ஒருத்தர் கிளம்பிவிடுவார். அதனாலேயே, தப்பு யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், என்னுடையதாக மட்டும் இருக்கக் கூடாது என்று மனசைப் பழக்கி வைத்திருந்தேன். வாய் நீளம் என்று எங்கள் வீட்டிலேயே எனக்குப் பெயர்.

அந்த வீட்டுக்கார அம்மாவை ஊரில் எல்லோரும் 'மதாம்' என்றுதான் சொல்வார்கள், நம் 'மேடம்'தான் பிரெஞ்சில் அப்படி. நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். ஐம்பத்தெட்டு வயது. கத்தோலிக்கக் குடும்பம். கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, ஒரே மகள் கல்யாணமாகி பிரான்சில். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து வந்தவர்களை 'சொல்தா' என்போம். சொல்தாவின் பென்ஷன் அங்கிருந்து வர வேண்டுமானால், ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று காலாகாலத்தில் தாள் அனுப்ப வேண்டும். சொல்தா போய்விட்டால் அவர் மனைவிக்காக எழுத வேண்டும். பிள்ளை பிறந்தால், கல்யாணம் ஆனால், எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் ஒரு தாள். அந்த வீடுகளில் பாதிப் பேருக்கு 'போன்ழூர்' என்கிற வணக்கம் தாண்டி ஒரு வார்த்தை வராது. அவர்கள் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறவர் மதாம்.

எழுதிக் கொடுப்பது மட்டும் இல்லை. யாருக்கு அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம், எந்தப் பிள்ளையின் பெயர் எந்தத் தாளில் விட்டுப்போயிருக்கிறது, எல்லாம் மதாமுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. வருகிறவர்கள் வராந்தா நாற்காலியில் உட்கார வேண்டும். ஒவ்வொருவராகத்தான் முன்னறைக்குள் கூப்பிடுவார். மானிட்டர் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அப்படி ஒரு ரகசியம் காக்கிற மனுஷி.

அவருடைய கம்ப்யூட்டர் மகள் எப்போதோ கொண்டுவந்து கொடுத்தது. விண்டோஸும் பிரெஞ்சு, கீபோர்டும் பிரெஞ்சு. அதில் ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. புதுசு வாங்கலாம் என்றால், அவர் கடிதங்களையெல்லாம் வைத்திருந்த பிரெஞ்சு மென்பொருள் புதியதில் ஏறாது, அதன் சிடியும் தொலைந்துபோயிருந்தது. நான்தான் யோசனை சொன்னேன். பழைய கம்ப்யூட்டரை அப்படியே ஒரு ஃபைலாக மாற்றிப் புதியதற்குள் வைத்துவிடலாம். திறந்தால் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சின்னச் சதுரத்தில் பழையது ஓடும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள் என்று.

"வீட்டுக்குள்ள வீடா?" என்று கேட்டார் மதாம்.

"ஆமா மதாம். பழைய வீட்டை அஸ்திவாரத்தோட பேத்து, புது வீட்டுக் கூடத்துல வெச்சுத் தரேன்."

அடேயப்பா, என்ன பேச்சு! அதற்கு முன்னால் அந்த வேலையை நான் செய்ததே இரண்டு தடவைதான்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "இந்தக் கீபோர்டை மட்டும் மாத்தாத பொண்ணு. என் விரலுக்கு இதுதான் தெரியும்." அந்தக் கீபோர்டோடு நான் பட்ட பாடு இருக்கிறதே! நம் ஊர்க் கீபோர்டில் க்யூ இருக்கிற இடத்தில் அதில் ஏ இருக்கும். டபிள்யூ இருக்கிற இடத்தில் இசட். எம் எங்கேயோ ஓரத்தில் ஓடி ஒளிந்திருக்கும். நான் ஒரு வரி அடித்தால் நாலு எழுத்து தப்பாக விழும். "சனியன், இதை யாரு மதாம் கண்டுபிடிச்சது?" என்று வாய்விட்டே திட்டினேன். "தள்ளு, நான் அடிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே நகர்த்திவிடுவார். அவர் விரல்கள் அதில் கீழே பார்க்காமலே ஓடும்.

பழைய கம்ப்யூட்டர் புதியதற்குள் ஓட ஆரம்பித்ததும் மதாம் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அப்போ என் கம்ப்யூட்டர் முழுசும் இப்போ ஒரே ஒரு ஃபைலா?" ஆமாம் என்றேன். "யாராச்சும் ஒரு பென் டிரைவ்ல போட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டா, இத்தனை குடும்பத்து சங்கதியும் போயிடுமா?"

நியாயமான கேள்வி. எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. உடனே, அதற்கென்ன மதாம், டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ட் செய்து பூட்டிவிடலாம். பாஸ்வேர்டு அடித்தால்தான் கம்ப்யூட்டரே எழுந்திருக்கும். இல்லாவிட்டால் பிரம்மாவாலும் படிக்க முடியாது என்று சொன்னேன். பிரம்மாவோடு சேர்த்து எங்களையும் வெளியே நிறுத்தப் போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் அந்த மென்பொருளைப் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. "திரும்பிக்கோ பொண்ணு" என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். படபடவென்று இரண்டு தடவை அடிக்கிற சத்தம் கேட்டது. "ஆச்சு" என்றார். பிறகு அந்த மென்பொருள் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டது. முதலாவது, பூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாஸ்வேர்டு சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கட்டுமா என்று. இதெல்லாம் தெரியாதவங்களுக்கு என்று நினைத்துக்கொண்டு வேண்டாம் என்று அமுக்கினேன். இரண்டாவது, பாஸ்வேர்டு மறந்துபோனால் திறப்பதற்கு ஒரு நீளமான எண்ணைக் கொடுத்து எங்கேயாவது பத்திரமாக வைக்கச் சொன்னது. அப்புறம் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று அதே டிஸ்க்கிலேயே சேமித்தேன். சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பீரோவைப் பூட்டியவள் நான்.

பூட்டி முடிக்க நாலு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. மதாம் காபி போட்டுக் கொண்டுவந்தார். பேச்சோடு பேச்சாகத் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். கடைசி நாலு வருடம் அந்த அம்மாவுக்கு நினைவு முழுவதும் போய்விட்டதாம். மதாம்தான் குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம் பார்த்தது.

"சாப்பாடு ஊட்டறப்ப என்னைப் பாத்து, 'நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?'ன்னு மரியாதையா கேப்பாங்க. திட்டினாக்கூட தாங்கிக்கலாம். அந்த மரியாதைதான் தாங்காது" என்றார். அப்புறம், "எனக்கு சாவைப் பத்தியெல்லாம் பயம் இல்ல பொண்ணு. இது வந்துடுமோன்னு மட்டும்தான். ஆண்டவர் அதை மட்டும் எனக்குக் குடுக்கக் கூடாது" என்றார்.

நான் காபியைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன்.

மத்தியானத்துக்கு மேல் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடிதங்களைத் திறந்து காட்டினேன், எல்லாம் இருந்தன. பழைய டிஸ்க்கில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்றார். அதைச் சுத்தமாக அழித்தேன். பூட்டுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த நகலையும், அது இருந்தால் பூட்டியும் பிரயோசனம் இல்லையே என்று அழித்தேன். ரொம்பப் பொறுப்பாக வேலை செய்த திருப்தியோடு கோட்டுச்சேரிக்குப் போனேன்.

மறுநாள் காலையில் மதாமிடமிருந்து போன். கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் நிற்கிறது, பாஸ்வேர்டு அடித்தால் தவறு என்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அடித்தார். தவறு. மறுபடி அடித்தார். தவறு. திரையில் எழுத்துகளும் தெரியாது, வெறும் நட்சத்திரக் குறிதான்.

முதலில் நான் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன், அது உண்மை. மெமரியைக் கூட்டிப் பார்த்தேன். டிஸ்க் இணைப்பின் வகையை மாற்றிப் பார்த்தேன். எது முதலில் கிளம்ப வேண்டும் என்கிற வரிசையை மாற்றினேன். அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய், புதிதாக ஒரு விர்ச்சுவல் மெஷின் உண்டாக்கி, இந்த டிஸ்க்கை அதில் மாட்டினேன். எங்கே கொண்டுபோய் மாட்டினாலும் அதே கறுப்புத் திரை, அதே ஒரு வரி. டிஸ்க்கில் பழுது இல்லை, மெஷினிலும் பழுது இல்லை. போன் செய்து, பாஸ்வேர்டைச் சொல்லுங்க மதாம், இங்க நானே அடிச்சுப் பாக்கறேன் என்றேன். "அது மட்டும் வேணாம் பொண்ணு. வேற என்ன வேணாலும் கேளு" என்றார். வேறு என்ன கேட்க?

மூன்றாம் நாள் நான் போனபோது வராந்தாவில் அம்பகரத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். காலமான ஒரு சொல்தாவின் மனைவி. பஸ் பிடித்து வருகிறவர். மூன்றாவது நாளாக வந்து திரும்பிப் போகிறாராம். "என்னம்மா, இன்னும் ஆவலியா? இதுக்கு வேற ஆளு யாரும் இல்லியா?" என்று அவர் என்னைக் கேட்டதுதான் தாமதம், எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போனேன். முன்னறைக் கதவை நான் சாத்தவில்லை. மதாம் இன்னொரு தடவை அடித்தார். தவறு.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல மதாம். நீங்கதான் பாஸ்வேர்டை மறந்துட்டீங்க" என்றேன்.

"நான் மறக்கல பொண்ணு. எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்போ என்ன, கம்ப்யூட்டர் மறந்துடுச்சா?"

அவர் குனிந்து கீபோர்டையே பார்த்தார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். வராந்தாவில் ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறதே, தப்பு என்னுடையது இல்லை என்று அந்த ஆளுக்குத் தெரிய வேண்டுமே! சொன்னேன், "உங்க அம்மாவுக்கு வந்த மாதிரி ஏதாச்சும் இருக்கப் போவுது மதாம். எதுக்கும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அவர் கை கீபோர்டிலிருந்து மெதுவாக மடிக்குப் போனது. வராந்தாவிலிருந்து, "அய்யய்யோ, பத்ரகாளி தாயே" என்று அந்த அம்மா சொன்னது கேட்டது. மதாம் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "இருக்குமோ?" என்று மட்டும் கேட்டார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அங்கே இங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஏனென்றால் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அம்பகரத்தூர் அம்மா நல்லவர்தான். மதாம் மேல் உயிரையே வைத்திருந்தவர். அந்தப் பாசத்தில்தான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார், "பாவம், மதாமுக்கு மறதி வந்துடுச்சாம், அவங்க அம்மாவுக்கு வந்த மாதிரியே." ஒரு மாதத்தில் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. கையால் எழுதியாவது கொடுக்கலாம் என்று மதாம் முயற்சி செய்தாராம். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழைய கடித எண்கள், தேதிகள், எல்லாம் அந்த மெஷினுக்குள் கிடந்தன. ஞாபகத்திலிருந்து எழுதினார். எழுதியதைத் தானே நம்பாமல் மூன்று நாலு தடவை கிழித்துப் போட்டார். வந்தவர்களும் தாள் சரியா இருக்குமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். மறதிக்காரர் எழுதிய தாளை நம்பி அனுப்பி, பென்ஷன் நின்றுபோனால்? ஒவ்வொருவராக, வேறு ஆளிடம் எழுதி வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போகத் தொடங்கினார்கள். வராந்தா நாற்காலி காலியாகிவிட்டது.

யாரோ மகளுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் மகள் வந்தார். அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். அதுவரை மாட்டவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மதாம், இந்த முறை மறுபேச்சு பேசவில்லையாம். வீட்டை விற்றுவிடப் பேசி முடித்தார்கள்.

பிரான்சுக்குக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் மதாம் என் கடைக்கு வந்தார். இதற்கு முன் கடைக்கு வந்ததே இல்லை. இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். நாலாக மடித்த ஒரு தாளை மேஜைமேல் வைத்தார்.

"இதுதான் அந்தப் பாஸ்வேர்டு. இதுதான்னு நான் நினைக்கிறேன். ஆனா என் நினைப்பை நம்பாத பொண்ணு, இதை ஒட்டி வேற எதுனாலும் போட்டுப் பாரு. திறந்துச்சுன்னா அந்தந்த வீட்டுத் தாளை எடுத்து அந்தந்த வீட்டுல குடுத்துடு. கவர்ல ஒட்டிக் குடு. நீ படிக்கக் கூடாது."

"சரி மதாம்" என்றேன். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

தாளைப் பிரித்தேன். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். கடையில் இருந்த நகலைக் கிளப்பி, கறுப்புத் திரை வந்ததும், என் மேஜையில் இருந்த சாதாரணக் கீபோர்டில் அந்தத் தாளில் இருந்ததை அப்படியே அடித்தேன்.

திறந்துவிட்டது. முதல் தடவையிலேயே.

பிரெஞ்சு விண்டோஸ் மெல்ல எழுந்து வந்து நின்றது. முதலில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பிறகு என் கைக்குக் கீழே இருந்த கீபோர்டைப் பார்த்தேன். அந்த நிமிடம் விளங்கியது.

விஷயம் இவ்வளவுதான். பாஸ்வேர்டை மதாம் போட்டது விண்டோஸுக்குள். அங்கே அவர் கீபோர்டு பிரெஞ்சுக் கீபோர்டு என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஏ அடித்தால் ஏ விழும். ஆனால் அந்தக் கறுப்புத் திரை வருவது விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னால். அதற்குப் பிரெஞ்சும் தெரியாது, மதாமையும் தெரியாது. எந்தக் கீபோர்டை மாட்டினாலும் நம் ஊர்க் கீபோர்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். மதாம் ஏ அடிக்க, அது க்யூ என்று வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் சரியாகத்தான் அடித்திருக்கிறார், கடைசி வரைக்கும். முதல் நாளே அந்தக் கீபோர்டைச் சனியன் என்று திட்டியவள் நான். எந்த எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். அந்தச் சோதனை ரீஸ்டார்ட்டை வேண்டாம் என்று அமுக்காமல் இருந்திருந்தால், பூட்டுவதற்கு முன்னாலேயே, அந்தக் காலையிலேயே தெரிந்திருக்கும். அறிவு வேலை செய்ய வேண்டிய நேரத்தில் வாய்தான் வேலை செய்திருக்கிறது.

கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முன்னறையில் பெட்டிகள் திறந்து கிடந்தன. மகள் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மதாம் எழுந்துவிட்டார்.

"திறந்துச்சா?"

"திறந்துடுச்சு மதாம்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அது வேறு மாதிரி ஆனது. மகளைத் திரும்பிப் பார்த்து, அசட்டுச் சிரிப்பாகச் சிரித்தார். "பாத்தியா, அன்னைக்கெல்லாம் நான்தான் தப்புத் தப்பா அடிச்சிருக்கேன். இப்பவாச்சும் ஞாபகம் வந்துச்சே. இந்தப் பொண்ணை வேற மூணு நாளு அலைய விட்டுட்டேன்."

மகள் என்னைப் பார்த்தார். நல்ல படிப்புப் படித்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு கேள்வி கேட்டால் என் வேலை சந்தி சிரித்துவிடும். இல்லை மதாம், நீங்க சரியாத்தான் அடிச்சீங்க, தப்பு என்னோடது; இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"பரவால்ல விடுங்க மதாம்" என்றேன்.

சே! என் தப்புக்கு நான் அவரை மன்னித்துவிட்டு வந்தேன். அதைவிடக் கேவலமாக இன்றுவரை நான் எதையும் செய்ததில்லை.

மதாம் விமானம் ஏறிவிட்டார். சொன்ன மாதிரியே தாள்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து, கவரில் ஒட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதையும் படிக்கவில்லை. அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன். போன இடமெல்லாம், "மதாம் எப்படி இருக்காங்களாம்? மக பேராவது ஞாபகம் இருக்குதாமா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு நழுவிக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் போயிருக்கும். கடைக்கு ஒருவர் மனைவியோடு புது லேப்டாப் எடுத்துக்கொண்டு வந்தார். பாஸ்வேர்டு போடச் சொன்னபோது மனைவியிடம், "நீயும் மதாம் மாதிரி மறந்து தொலைச்சிடாத" என்று சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். மதாமை அவர்கள் நேரில் பார்த்ததுகூட இல்லை. அவர்களை அனுப்பிவிட்டு, மதாமுடைய மகளின் நம்பரை மாதா கோயில் பக்கத்தில் மதாமுக்கு வேண்டிய ஒரு வீட்டில் வாங்கி, அன்றைக்கே போன் செய்தேன்.

மகள்தான் எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மதாம் வந்தார். நலம் விசாரிக்கக்கூட அவருக்கு இடம் கொடுக்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கீபோர்டு, கறுப்புத் திரை, நான் வேண்டாமென்று அமுக்கிய சோதனை, கிளம்புவதற்கு முன்னால் நான் சொல்லாமல் விழுங்கியது. உங்கமேல ஒரு தப்பும் இல்ல மதாம், நீங்க எதையுமே மறக்கல, எல்லாம் என் தப்பு என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"அப்போ நான் சரியாத்தான் அடிச்சேனா?"

"ஆமா மதாம். ஒவ்வொரு தடவையும்."

"தெனம் காலைல கண்ணு முழிச்சதும், எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, என் பேரு, எங்க அப்பா பேரு, காரைக்கால் வீட்டு நம்பரு, பேரப்புள்ளைங்க பேரு எல்லாம் ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கறேன் பொண்ணு. எதாச்சும் விட்டுப்போச்சான்னு. ஆறு மாசமா." கொஞ்சம் நிறுத்தினார். "இனிமே அது வேணாம் இல்ல?"

வேண்டாம் மதாம் என்று எப்படியோ சொன்னேன்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. "வீட்டைக் குடுத்தாச்சு. இனி அங்க வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சொல்ல முடியாது. சொன்னவ நீ. நீயே போய்ச் சொல்லு" என்றார். குரலில் பழைய மதாம் இருந்தார். போனை வைத்துவிட்டார்.

அந்த வாரமே அம்பகரத்தூருக்குப் போனேன். அந்த அம்மா என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். எல்லாம் சொன்னேன், மதாமின் அம்மாவை நான் இழுத்தது உட்பட. கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, தாயி. என் வயித்துல பாலை வாத்த" என்றார். நான் வாசல்படி இறங்கும்போது, "இருந்தாலும் வயசாயிடுச்சுல்ல, கொஞ்சம் மறதி இருக்கத்தான் செய்யும்" என்று தானாகச் சொல்லிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மதாம் இப்போது இல்லை. மகள்தான் தகவல் சொன்னார். கடைசி வாரத்தில்கூட, படுக்கையில் இருந்தபடியே, ஒரு விண்ணப்பத்தில் இருந்த தேதிப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னாராம்.

காரைக்காலில் இன்றைக்கும் பழைய ஆட்கள், மறதி வந்து மகள் வீட்டுக்குப் போன மதாம் என்று பேச்செடுப்பதுண்டு. என் காதில் விழுந்தால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, அவருக்கு மறதி இல்லைங்க, தப்பு பண்ணினது நான் என்று முதலிலிருந்து சொல்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள், அடுத்த முறை பழைய மாதிரியே பேசுகிறார்கள். அந்த மெஷினைத் திறக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் நான் வாய்விட்ட அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள இத்தனை வருடமும் போதவில்லை.